பொருள்: ‘வலுவான நாணயம்’ – ஒரே சொல் போதுமா?

சிங்கப்பூர் மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம் (வழக்கம்போல் அவரவர் பேட்டையின் பெயரிலேயே கையொப்பமிடுவோம்).

நாணய மாற்று முதலீடு பற்றிய கையேடு ஒன்றின் தமிழாக்கம் இவ்வார இறுதியில் அச்சுக்குப் போகிறது. அதில் குவைத் தினாரும் சுவிஸ் பிராங்கும் ‘வலுவான நாணயங்கள்’ என்ற ஒரே தலைப்பில் நிற்கின்றன. ஆனால் பிராங்கின் வலு என்பது பிற நாணயங்களுக்கு எதிராக அதன் மதிப்பு ஏறுவது; தினாரின் கதை வேறு. ஒரு குவைத் தினார் மூன்று அமெரிக்க டாலருக்கு மேல் பெறும் என்பது அதன் அலகு பெரியது என்பதையே காட்டுகிறது. ஒரு டாலருக்கு நூறு யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், ஜப்பானியப் பொருளியல் குவைத்துடையதைவிடச் சிறியதாகிவிடாது. ஓமான் ரியாலோ ஏறத்தாழ 2.60 டாலர் பெறும். ஆயினும் 1986 முதல் அதே விகிதத்தில் டாலருடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அதை வாங்கி வைப்பவர் டாலரை வாங்கி வைத்தவரே ஆவார். ஆகவே அலகு மட்டும் பெரிதான இவ்வகைக்குப் ‘பேரலகு நாணயம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

– செங்காங்

அம்மா, தைப்பூசத்தில் அலகு குத்தும் ஊரில் ‘பேரலகு’ என்றால் வாசகர் முருகனின் வேலைத்தான் நினைப்பார். ‘நாணயம்’ என்பதும் வடமொழி ‘நாணக’த்தின் வழிவந்தது, அதைக் குஷாணர் காசுகளில் பொறித்த நனா என்னும் தெய்வத்தின் பெயரோடு இணைப்பாரும் உளர். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலேயே ‘காசு’ இருக்க, நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? அலகு பெரியதைப் ‘பெருங்காசு’, வலுவானதை ‘வன்காசு’ எனப் பிரித்துக்கொள்ளலாம்.

– பிடோக்

ஐயா, சிங்கப்பூரில் வெள்ளியின், அதாவது சிங்கப்பூர் டாலரின், நூறில் ஒரு பங்கே காசு. ‘பெருங்காசு’ என்றால் நிறையப் பணம் என்று கொள்வார்களே தவிர, ஒரு நாட்டின் செலாவணி என்று எவரும் கொள்ளார். நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தைவிட நாணய மாற்று விகிதத்தையே பணக்கொள்கையின் கருவியாகக் கையாண்டு, வணிகப் பங்காளி நாடுகளின் நாணயத் தொகுப்புக்கு எதிராக வெள்ளியை ஒரு வரம்புக்குள் ஏறவோ இறங்கவோ விடுகிறது. ‘வெள்ளி வலுவடைந்தது’ என்று செய்தித்தாள் எழுதுவது இந்த ஏற்றத்தைத்தான். எனவே ‘வலு’ அங்கேயே இருக்கட்டும். மற்றதற்கு ‘உயர்மதிப்பு நாணயம்’ எளிது, யாருக்கும் விளங்கும்.

– ஜூரோங்

விளங்கும் என்பதுதான் என் கவலை, ஐயா. ‘உயர்மதிப்பு’ என்று படித்தவர், ஓய்வுக்காலச் சேமிப்பைத் தினாராக மாற்றினால் பெருகும் என்று நம்பிவிடுவார். வலுவிலும் ஆபத்து உண்டு: 2015 ஜனவரி 15ஆம் தேதி சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்கு என்ற கீழ்வரம்பைத் திடீரென நீக்கியபோது பிராங்கு பாய்ந்தேறி, அது ஏறாது என்று கடன்பெற்றுப் பந்தயம் கட்டியவர்கள் தங்கள் வைப்புத்தொகைக்கும் மேலாக இழந்தனர். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

– செங்காங்

பெரும்பான்மையோர் ‘உயர்மதிப்பு நாணயம்’ என்பதற்கே இசைந்துள்ளனர். அடிக்குறிப்பில் ‘அலகின் அளவு மட்டுமே, ஏற்றத்துக்கு உறுதியன்று’ என்று சேர்த்துவிடுங்கள், அம்மா.

– ஜூரோங்

சேர்க்கிறேன். தலைப்பைப் படிப்பவர்களில் பலர் அடிக்குறிப்பு வரை வருவதில்லை என்பதால், என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

– செங்காங்

‘காசு’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

– பிடோக்