மீன்தொட்டித் தண்ணீரைச் சரியாகச் சோதிக்க உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 100 லீற்றர் தொட்டியில் கப்பி மீன்கள் வளர்க்கிறோம், தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். போன கிழமை நாலு மீன் செத்துப்போனது, மகளுக்குப் பெரிய கவலை.

சோதனைப் பட்டியை நனைத்துப் பார்த்தால் காலையில் நைட்ரேட் (மீன் கழிவால் தண்ணீரில் சேருகிற பொருள்) லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்கிறது, அதே தண்ணீர் பின்னேரம் 50 காட்டுகிறது. டப்பாவைத் திறந்து மூன்று மாதம், ஈரம் பட்டிருக்கலாம். சரி என்று துளி விடுகிற கிட் வாங்கினேன், அதில் இரண்டாவது போத்தலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டுமாம், நான் முதல் தரம் அப்படிக் குலுக்கவேயில்லை. இப்போது எதை நம்புவது?

மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாதான் எனக்குப் பயம், எங்கள் தண்ணீரில் பிஎச் (அமில, கார அளவு) 8க்கு மேல், பிஎச் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் கூடும். அதோடு கிணற்றடிக்குப் பக்கத்தில் வயல், யூரியா போடுகிறார்கள், கிணற்றிலேயே நைட்ரேட் இருக்குமோ தெரியாது.

பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் காலாவதியாகாத கிட் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தொட்டித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் தனித்தனிப் போத்தலில் கொண்டு வருகிறேன். அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிற தம்பி தங்கச்சிமாரும் வழி சொன்னால் பெரிய உதவி.