பயங்கரவாதச் செய்திக்குத் தூக்கம் கெடுகிறது, கலப்படச் செய்தியைப் புரட்டிவிடுகிறோம்: ஏன்?

கேள்வி: கொக்குவில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் 22 ஆம் திகதி காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தமிழகத் தொலைக்காட்சிகள் ஓய்ந்தபாடில்லை. அதற்கு முந்தைய நாள்தான் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் ஆறாவது ஆண்டு நினைவு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றின் படங்களை மீண்டும் பார்த்தபோது, 2019 இல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவே தயங்கிய அந்த நாட்களின் பயம் அப்படியே திரும்பி வந்தது.

அதே பத்திரிகைகளின் உட்பக்கங்களில், சாயம் சேர்த்த மிளகாய்த்தூள், சீனி கலந்த பனங்கட்டி, இரசாயனம் வைத்துப் பழுக்கச் செய்த மாம்பழம் என்று வழமையான கலப்படச் செய்திகளும் இருந்தன. அவற்றை நான் ஒரு பெருமூச்சுடன் புரட்டிவிட்டேன். காஷ்மீரில் நடந்தது என் பிள்ளைகளைத் தொடுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதும், அந்தத் தூளைத்தான் நாளுக்கு மூன்று வேளை அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் ஏன் இப்படி இயங்குகிறது? உங்களுக்கும் இவ்வாறுதானா, அல்லது நான் மட்டும்தான் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறேனா?

பதில் 1: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சாவகச்சேரி

சகோதரி, உங்கள் மனம் பிழையாக இயங்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கியுடன் வருபவன் நம்மை அச்சுறுத்துவதற்கென்றே வருகிறான். கலப்படம் செய்பவனோ நாம் எதையும் அறியாமல் நிம்மதியாக உண்ண வேண்டும் என்று விரும்புகிறான். முதலாமவனின் நோக்கம் அவன் செயல் செய்தியாகும்போது நிறைவேறுகிறது, இரண்டாமவனின் பிழைப்பு செய்தியாகும் நாளில் கெட்டுப்போகிறது. ஆகவே ஒன்று உரத்தும் மற்றது அடங்கியும் நம்மை வந்தடைவதில் வியப்பில்லை.

ஆனால் அடங்கி வருவதால் தீங்கு சிறிதாகிவிடுவதில்லை. 2008 இல் சீனாவில் பாலில் தண்ணீரைக் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைனைச் சேர்த்தார்கள். அன்றைய பரிசோதனை புரதத்தை நேரடியாக அளக்காமல் நைதரசனின் அளவிலிருந்து கணக்கிட்டது. மெலமைனில் நைதரசன் மிகுதி என்பதால் தண்ணீர்ப் பாலும் தரமான பாலாகச் சான்று பெற்றது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். குழந்தைகளைக் கொல்ல வேண்டும் என்று அவர்களில் எவரும் நினைத்திருக்கமாட்டார்கள் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் கசப்பான பகுதி.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த நிகழ்வும் உண்டு. 1984 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஓஷோ என்று பின்னர் அறியப்பட்ட இந்திய ஆன்மிக குரு ரஜனீஷைப் பின்பற்றிய குழுவொன்று உள்ளூர்த் தேர்தலில் மக்கள் வாக்களிக்க வராமற் செய்யும் திட்டத்துடன் உணவகங்களின் சலாட் மேசைகளில் சல்மொனெல்லா கிருமியைக் கலந்தது. 751 பேர் நோயுற்றனர், நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை. முதலில் விசாரித்த சுகாதார அதிகாரிகள், ஊழியர்களின் கைச் சுத்தக் குறைவே காரணம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு குழுவுக்குள் பிளவு ஏற்பட்ட பின்னரே உண்மை வெளிவந்தது. தட்டில் இருக்கும் நஞ்சு தன்னை வைத்தவனின் எண்ணத்தைச் சொல்வதில்லை. இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்த அதிகாரிகளை நான் குறை கூறவும் மாட்டேன்.

நம் ஊருக்கு வருவோம். 2020 இல் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஒரு கிலோவின் விலை பல ஆயிரம் ரூபாயைத் தொட்டதையும், மன்னார் முதல் வடமராட்சி வரை கடத்தல் மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்ததையும் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். விலை ஏறிய இடத்தில் மா கலக்கும். இது விதிபோல நடக்கும். மா கலந்தால் நட்டம் உங்கள் பணப்பைக்கு மட்டும்தான். நிறத்துக்காக ஈயக் குரோமேற்றைக் கலந்தால் நட்டம் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு. பங்களாதேஷில் அதுதான் நடந்தது. அங்கே 2019 இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47 இல் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் ஆதாரத்தைப் பகிரங்கப்படுத்த, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மொத்த வியாபாரச் சந்தையில் இறங்கித் தண்டம் விதிக்க, 2021 இல் அது பூச்சியமானது. எந்த விசேட படையும் தேவைப்படவில்லை.

ஒரு சிறு திருத்தத்தையும் சொல்லி வைக்கிறேன், ஏனெனில் இங்கே பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். 2021 இல் பெரும் பரபரப்பான தேங்காயெண்ணெய் விவகாரத்தில் பேசப்பட்ட அஃப்ளாரொக்சின் எவரும் ஊற்றிக் கலந்த பொருள் அல்ல. சரியாக உலராத கொப்பராவில் பூஞ்சணம் பிடிக்கும்போது உருவாகும் நஞ்சு அது. கவனக்குறைவு வேறு, மோசடி வேறு. இரண்டுக்கும் மருந்தும் வேறு.

பதில் 2: சோனகத் தெரு வாசகர்

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வேறொரு பக்கம் நினைவுக்கு வந்தது. பரிசோதகர் ஐயா சொன்னது உண்மையான கலப்படம். நான் சொல்வது இல்லாத கலப்படம்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் ஏதோ கட்டி இருப்பதாகக் கூறி, அது பிள்ளை பிறக்காமற் செய்யும் மாத்திரை என்று ஒரு கூட்டம் கத்தியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. உணவில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆனால் அறிக்கை வருவதற்கிடையில் வதந்தி கண்டிவரை போய்விட்டது. மார்ச்சில் திகனையில் வீடுகள் எரிந்தன, அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது, சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன.

2019 ஏப்ரலுக்குப் பிறகு அதே கதை புதிய உடுப்புடன் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், நெடுங்காலத்தின் பின் திரும்பி வந்து கடை திறந்த குடும்பம் எங்களுடையது. தேவாலயங்களில் இறந்தவர்களுக்காக நாங்களும் கடையை மூடி அழுதோம். மீண்டும் திறந்தபோது, அதுவரை தினமும் வந்து தேநீர் குடித்தவர்களில் சிலர் எதிர்ப்பக்கத்து நடைபாதையால் போனார்கள். எங்கள் தேநீரை எவரும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

ஆகவே எனக்கு இரண்டு செய்திகளும் தனித்தனியாகத் தெரிவதில்லை. பயங்கரவாதச் செய்தி தரும் பயம் வெளியே போக வழியில்லாமல் அயலவனின் சமையலறையில் போய் இறங்குகிறது. உண்மையான கலப்படக்காரனைக் கேட்க வேண்டிய கேள்வியை, பெயரையும் தொப்பியையும் பார்த்து வேறொருவனிடம் கேட்கிறோம்.

பதில் 3: சட்டம் பயின்றவன், பருத்தித்துறை

மேலே எழுதிய இருவருடனும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பரிசோதகர் ஐயா எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பயங்கரவாதத்தின் தீங்கை இறந்தவர்களின் தொகையால் மட்டும் அளக்க முடியாது; அதன் பின் அரசு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும், அதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982 இல் நிரந்தரமாகிவிட்டது. சந்தேகநபர் ஒருவரைத் தடுப்புக் கட்டளையில் வைத்திருக்கக்கூடிய காலம் நீண்ட காலமாக 18 மாதங்களாக இருந்து, 2022 இன் திருத்தத்தின் பின்னரே 12 மாதங்களாகக் குறைந்தது. உயிர்த்த ஞாயிறின் பின் 2019 மே மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவப் பிரதிநிதிகள் சில படங்களுக்காக இச்சட்டத்தின் கீழ் கைதானதும் நினைவிருக்கும். அந்தத் தாக்குதலுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

மறுபுறம், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வழக்கு எப்படி நகர்கிறது? மாதிரி எடுக்கப்பட்டு, பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்து, நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டத்தைக் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். அவருக்கு அது வியாபாரச் செலவில் இன்னொரு வரி. தூளில் சாயம் கலந்தவனைத் தூக்கிலிட வேண்டும் என்று உடனே எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சீனா மெலமைன் வழக்கில் 2009 இல் இருவருக்கு மரணதண்டனை நிறைவேற்றியது. எனக்குத் தேவை அது அல்ல. உறுதியாக, விரைவாக, ஆதாரத்துடன் வரும் தண்டனை போதும். ஆதாரமில்லாமல் பெருந்தண்டனை தரும் சட்டத்தை நாம் ஏற்கெனவே ஒன்று சுமந்துகொண்டிருக்கிறோம்.

சகோதரர் சொன்ன வதந்தி பற்றியும் ஒரு சொல். திருப்பதிக் கோயில் இலட்டுக்கான நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்தது என்ற குற்றச்சாட்டு 2024 செப்ரெம்பரில் வெடித்தபோது இங்கேயும் கோயில் வாசல்களில் அதுவே பேச்சாக இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் கடவுள்களை அரசியலிலிருந்து விலக்கி வைக்குமாறு கூறி, ஒக்டோபரில் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றச்சாட்டைக் கிளப்பிய ஆந்திர முதலமைச்சரின் மேடைப் பேச்சுக்குப் பிறகு வந்திருக்கக்கூடாத விசாரணை அது. முன்னரே வந்திருக்க வேண்டியது.

நான் இரண்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பேன். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் செயற்படவில்லை என்பதற்காகவே உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அறிந்தும் அசையாத அதிகாரத்தைப் பொறுப்புக்கூற வைக்கும் அந்தத் தருக்கம், மேசையில் தூங்கும் பகுப்பாய்வு அறிக்கைக்கும் பொருந்த வேண்டும். என் கோபத்தை அங்கேதான் செலவிடுகிறேன்.

கொக்குவில் வாசகி

எல்லோருக்கும் நன்றி. சோனகத் தெருச் சகோதரரின் பதிலை என் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். இனி நடைமுறைக்கு வருகிறேன். தூளை நீர் நிரம்பிய குவளையில் போட்டுப் பார்த்தால் கலப்படம் தெரியும் என்கிறார்களே, ஐயா, அதை நம்பலாமா?

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சாவகச்சேரி

ஓரளவுக்குத்தான், சகோதரி. மிளகாய்த்தூளில் செங்கல் தூள் இருந்தால் அடியில் தங்கும், நீரில் கரையும் சாயம் இருந்தால் நிறம் கோடுகோடாக இறங்கும். எண்ணெயில் கரையும் சாயங்களையும், மஞ்சளில் உள்ள ஈயத்தையும், எண்ணெயில் உள்ள அஃப்ளாரொக்சினையும் குவளை காட்டாது. முழுச் செத்தல், முழு மல்லி, முழு மஞ்சள் வாங்கி, நீங்களே வறுத்து மில்லில் முன்னின்று அரைப்பிப்பது இன்னும் நல்ல வழி. கிழங்கிலும் நிறம் பூசுவார்கள். ஆகையால் அளவுக்கு மிஞ்சிப் பளிச்சென்று இருப்பதைத் தவிருங்கள். சந்தேகம் வந்தால் பொதியை வீசிவிடாதீர்கள். சுட்டுத்துண்டு, தொகுதி இலக்கம், பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் முறையிடுங்கள், அல்லது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டின் பிரதி ஒன்றைத் திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித்துறைத் தம்பி சொன்ன அந்தத் தூங்கும் அறிக்கையைப் பின்னர் தேடுவதற்கு அது உதவும்.