‘குறைந்த அபாயம்’ என்று எழுதப்பட்ட மண் அணைகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரையடி எழுதியது:

சின்ன மண் அணைதான். உயரம் ஒன்பது மீட்டரைத் தாண்டாது. கோப்பில் ‘குறைந்த அபாயம்’ என்று இருக்கிறது. அந்த இரண்டு சொற்கள்தாம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பின்சரிவில், அதாவது நீர் நிற்காத பக்கத்துச் சரிவில், மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தை ஒட்டி எப்போதும் கொஞ்சம் கசியும். தெளிந்த நீர். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும், அதற்கு யாரும் பயப்படுவதில்லை. அணை நிரம்பி நின்ற ஒரு மழைக்காலத்தில் அந்த நீர் கலங்கி வந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் அடியில் விரற்கனத்துக்கு வண்டல் படிந்தது. கரைக்குள்ளிருந்து வந்த மண் அது. குழாயை ஒட்டி உள்ளே ஒரு வழி திறந்துவிட்டது, நீர் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆய்வுக்கு வந்த அலுவலர் முன் புட்டியை வைத்தேன். பார்த்தார். பிறகு கோப்பைப் புரட்டி வகைப்பாட்டு வரியைக் காட்டினார்: “குறைந்த அபாய அணை இது. அடுத்த ஆய்வில் பார்த்துக்கொள்ளலாம்.”

அவர் தீயவர் அல்லர். ‘குறைந்த அபாயம்’ என்றால் ‘உறுதியான அணை’ என்று உண்மையிலேயே நம்பியிருந்தார். கரை உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும், எவ்வளவு சொத்து அழியும் என்பதை வைத்துத்தான் அந்த வகை தரப்படுகிறது. கரை திடமாக இருக்கிறதா, உள்ளே உளுத்துப்போயிருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மேட்டுநிலம் எழுதியது:

எனக்கு மரம். கரையின் உச்சியில் பெரிய மரம் ஒன்று நின்றது. “வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கரைக்கு நல்லது” என்று எல்லோரும் சொன்னார்கள். புயலடித்த இரவுக்கு அடுத்த காலையில் போய்ப் பார்த்தால் மரம் வேரோடு பின்சரிவில் சாய்ந்து கிடந்தது. வேர்த்தட்டு தூக்கிக்கொண்டு போன மண், கரை உச்சியின் அகலத்தில் பாதிக்கு மேல். அந்தக் குழிக்குள் இறங்கி நின்றேன். முன்பக்கம் எஞ்சியிருந்தது ஒரு மெல்லிய மண்சுவர். அதற்கு அந்தப்புறம் நீர்மட்டம் என் முழங்காலுக்கு நேராக இருந்தது. அந்தக் குழியில் நின்றபோது உடம்பு நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதுவும் ‘குறைந்த அபாயம்’தான்.

கரையில் ஒரு மரமும் இருக்கக் கூடாது. இன்றே வெட்டுங்கள்.

பசுங்கரை எழுதியது:

மேட்டுநிலம் அவர்களே, உங்கள் பயம் நியாயம். ஆனால் “இன்றே வெட்டுங்கள்” என்பதை ஏற்க மாட்டேன். நான் பார்த்தது அதற்கு நேர்மாறு. ஒரு கரையில் முற்றிய மரங்களை அடியோடு அறுத்துத் தள்ளினார்கள், வேரை உள்ளேயே விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பின்சரிவில், மரம் நின்ற இடத்துக்குக் கீழேயே ஈரத்திட்டு. தோண்டியபோது மட்கிப்போன வேர் ஒன்று வெறும் கூடாக இருந்தது, அதன் வழியே நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையை அதற்குள் விட முடிந்தது!

முற்றிய மரத்தை எடுப்பதென்றால் நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு, வேர்க்கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, குழியை ஏற்ற மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் இந்தப் பாடு இல்லை. கரைக்குப் புல் போதும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

என் அனுபவம் சிறியது. நல்ல மழையில் ஓர் அணைக்குப் போனேன். மிகை நீர் வழிந்து வெளியேறும் கலிங்கின் வாயில் பலகை வைத்து மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள், கூடுதலாக ஒரு முழம் நீர் நிற்கட்டும் என்று. நீர் கரை உச்சியை எட்ட ஒரு சாண்தான் மிச்சம். ஆட்களைக் கூப்பிட்டு அப்போதே பிரித்தோம்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மண் அணை உடைவதற்கு இரண்டு பெரிய வழிகள்: நீர் உச்சியைத் தாண்டி வழிவது, உள்ளே அரித்துக் குழாய்போல் வழி விழுவது. முதலாவதைத் தடுப்பது கலிங்கு. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். கலிங்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் போனதைத்தான் விசாரணை சுட்டியது. அந்த அணையும் குறைந்த அபாயப் பட்டியலில்தான் இருந்தது.

இரண்டாவது, கரையடி சொன்ன கலங்கல் நீர். அதைக் கண்டால் களிமண்ணை அப்பி வாயை அடைத்துவிடாதீர்கள். நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மேலே மணல், அதன்மேல் சரளை என்று போட்டால் நீர் வெளியேறும், மண் தங்கும். ஊற்று குமிழியிட்டால் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, அந்த வளையத்துக்குள் நீர்மட்டத்தை உயரவிடுங்கள். அணையில் நீரைக் குறையுங்கள், ஆனால் ஒரேயடியாக அல்ல. சட்டென்று வடித்தால் நீர்ப்பக்கத்து ஊறிய முன்சரிவு அப்படியே வழுக்கி விழும்.

சட்டத்தை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் எடுத்துக்கொள்கிறது. ஒன்பது மீட்டர் கரை அதற்கு வெளியே. இங்கிலாந்தில் உயரம் கணக்கில்லை, 25,000 கன மீட்டர் கொள்ளளவு என்று கோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று வகை, ஓர் உயிர் போக வாய்ப்பு என்றாலே உயர் அபாயம். கோடு எங்கே இருந்தாலும் உங்கள் அணையின் வெள்ளப் பரவல் வரைபடத்தை, அதாவது கரை உடைந்தால் நீர் எங்கெல்லாம் பரவும் என்று காட்டுவதை, கேட்டு வாங்குங்கள்.

கீழ்க்கரைவாசி எழுதியது:

ஐயா, “வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நாங்கள் கேட்டோம், வாங்கவும் செய்தோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். அணை, ஓடை, வயல். என் வீடு இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். வெறும் பச்சை. பக்கத்து வீடுகள், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாமே பச்சை. நாங்கள் குடியேறுவதற்கு முன்பு வரைந்தது. வயல்தானே என்று அன்று ‘குறைந்த அபாயம்’ கொடுத்தார்கள், அது அப்படியே நிற்கிறது. என் மகள் அந்தப் பச்சையில்தான் தினமும் பள்ளிக்குப் போகிறாள்.

அணை மாறவில்லை. கீழே ஊர் வந்துவிட்டது. ஜகார்த்தா அருகே டச்சுக்காரர் காலத்துக் கரையான சிட்டு கிந்துங் 2009 மார்ச் 27 அன்று உடைந்தபோது, நெருக்கமாக எழுந்திருந்த குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்து ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு புதிய வீட்டுக்கும் அனுமதி கொடுப்பவர் ஒருவர், அணைக்கு வகை கொடுப்பவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. உங்கள் மணல், சரளை அறிவுரை பயனுள்ளதுதான். ஆனால் வகையை மறுபடி பார்க்கவைப்பது எப்படி என்று யாரும் எழுதவில்லையே.

மேட்டுநிலம் எழுதியது:

பசுங்கரை, வேர்க்கட்டை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உயிரினங்கள் கரையில் தோண்டும் வளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தின் திவாரே அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்தபோது நண்டுகள்தான் காரணம் என்று ஒரு மாநில அமைச்சர் சொன்னார். கசிகிறது என்று ஊர் மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். வளை கரையைப் பலவீனமாக்கும், உண்மை. வளையைப் பார்த்தும் அடைக்காமல் விட்டவர்களைப் பற்றி அல்லவா கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

கீழ்க்கரைவாசி அவர்களுக்கு: கரையிலிருந்து ஓடையோரமாகக் கீழே நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் பட்டியலிடுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், ஓடைப் படுகையிலிருந்து தரைமட்டம் எவ்வளவு உயரம் என்று குறியுங்கள். பள்ளியை முதலில் எழுதுங்கள். பழைய வரைபடத்தின் நகலோடு சேர்த்து, “கீழ்ப்பகுதி மாறிவிட்டது, மறுவகைப்பாடு தேவை” என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறு மண் அணை 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவுக்குப் பின் உடைந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். உங்கள் பக்கம் இரவில் மழை வலுத்தால் கரையைப் பார்க்கப் போவது யார், வீடுகளை எழுப்புவது யார்?

கீழ்க்கரைவாசி எழுதியது:

இப்போதைக்கு யாரும் இல்லை. கரையோரம் குடியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் நாளை பேசுகிறேன். பட்டியலைப் பள்ளியிலிருந்தே தொடங்குகிறேன் ஐயா. தரைமட்ட உயரத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை. தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வைத்து மட்டம் பார்த்தால் ஏற்றுக்கொள்வார்களா?