வரவேற்பு வளைவு அப்புறம், முதலில் மறுகால் ஓடை

அன்புள்ள ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தாராவியிலிருந்து வணக்கம்.

போன வாரம் முழுக்க வந்த மடல்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஊர் முகப்பில் வளைவு கட்ட வேண்டும் என்று துபாய் மச்சான் ஆரம்பித்தார். வளைவு எதற்கு, தாமிரபரணி ஆற்றங்கரையில் கான்கிரீட் சுவர் கட்டுவோம், 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்று பெங்களூர்த் தம்பி கேட்டான். பேச்சு சூடாகி, கடைசியில் யார் எவ்வளவு தருவார்கள் என்ற கணக்கில் போய் நின்றது. வாத்தியார் மாமா மட்டும் "தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்ததுன்னு யாராவது கேட்டீங்களாடே?" என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சுவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அதன் பக்கத்திலேயே குடியிருப்பதால். இங்கே மித்தி என்று ஓர் ஆறு. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர், 18 கிலோமீட்டர் போல ஓடி மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். கடைசியில் தாராவி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று பிற்பகல் கடல் ஏற்றம் 4.48 மீட்டர். மேலிருந்து வந்த தண்ணீருக்குக் கடலுக்குள் போக வழியில்லை, ஊருக்குள் திரும்பிவிட்டது. நான் சயான் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது இரவு ஒரு மணி. ஊரில் அம்மா டிவியில் பார்த்துவிட்டு, போன் கிடைக்காமல் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

அதற்குப் பிறகு ஆற்றுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். அகலப்படுத்தினார்கள், தூர் வாரினார்கள், பல இடங்களில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் சுவர் தடுக்கும், சரி. ஆனால் உள்ளே பெய்த மழை வெளியே போவதையும் அதே சுவர்தான் மறிக்கிறது. கடலோரத்திலும் இதே கதைதான், கடல் ஏற்றத்தின்போது உள்ளே பெய்த மழை தானாக வெளியே போக முடியாது. அதனால்தான் அங்கே ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ் என்று வரிசையாகப் பெரிய பெரிய நீரேற்று நிலையங்கள் கட்ட வேண்டி வந்தது. மாநகராட்சிக்குப் பணம் இருக்கிறது, மோட்டார் போட்டு இறைக்கிறது. நம்ம ஊரில் சுவரைக் கட்டிவிட்டு, உள்ளே நிற்கிற தண்ணீரை எந்த மோட்டார் போட்டு இறைப்பது? கரண்ட் போவதே மழை ஆரம்பித்த அரை மணி நேரத்தில்தானே.

இப்போது 2023-க்கு வருகிறேன். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளுமாகப் பெய்ததில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரக் கணக்கு 95 சென்டிமீட்டர். பம்பாய்க்காரர்கள் பதினெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்த அந்த 944 மில்லிமீட்டருக்கு நம்ம பக்கத்துக் கடலோர ஊர் ஒன்று சத்தமில்லாமல் பதில் சொல்லிவிட்டது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகளோடு நடுத்தீவாகக் கிடந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தீர்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி மண் எல்லாம் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கயிற்றுக்கொடி மாதிரி தொங்கியது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த நிலையிலும் அரிசி பருப்பு கொண்டுபோய் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த மூன்று நாளும் எங்கள் அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. 2005-ல் அம்மா இருந்த இடத்தில் இப்போது நான்.

நாலாம் நாள் அக்கா பேசியபோது முதலில் சொன்னது இதுதான்: "ஆத்துல தண்ணி கூடுதுன்னு எல்லாரும் வடக்கே பாத்துக்கிட்டு நின்னோம். வந்தது தெக்கேயிருந்துடே."

வாத்தியார் மாமா கேட்ட கேள்விக்கு விடை அது. வடக்கே இருப்பது ஆறு, தெற்கே இருப்பது நம்ம குளம். ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது உண்மை, ஏரல் பாலத்தை அது என்ன பாடு படுத்தியது என்று தெரியும். ஆனால் அன்றைய மழை பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு மேலே மலையில் மட்டும் பெய்யவில்லை. கீழே சமவெளியில், நம் குளங்களின் தலையில் கொட்டியது. அணையில் ஒரு சொட்டுத் திறக்காமல் இருந்திருந்தாலும் குளங்கள் நிரம்பியிருக்கும். கடம்பாகுளமே உடைந்தது. நம்ம குளத்துக் கரை உடைந்தது நடுச்சாமத்தில். உடைந்த இடம் மறுகாலுக்கு, அதாவது குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்துக்கு, நூறு அடி மேற்கே. மறுகால் வழியாகப் போக முடியாத தண்ணீர் தனக்கு வழி தேடிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஏன் போக முடியவில்லை? இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். கரை உடைந்ததற்கு மழையை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

மறுகாலின் மேல் மணல் மூட்டை அடுக்கி அரையடி, முக்காலடி கூடுதலாகத் தண்ணீர் நிறுத்துவது நம் ஊரில் ரொம்ப நாள் பழக்கம். பிசான நெல் பயிருக்குக் கடைசித் தண்ணீர் பத்தாமல் போகும் என்ற பயம். பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கரையைக் கட்டியவர்கள் மறுகால் மட்டத்தைக் கணக்கு வைத்துத்தான் கரை உயரத்தை வைத்தார்கள். நாம் மட்டத்தை ஏற்றினோம், கரையை ஏற்றவில்லை. அப்புறம் மீன்பாசி ஏலம், அதாவது குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம். எடுத்தவர் மீன் வழிந்து போகாமலிருக்க மறுகாலில் வலை கட்டுகிறார். தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடி வந்து வலையில் அப்பிக்கொண்டால் அது வலை இல்லை, இன்னொரு கரை. அதையும் தாண்டி விழுந்த தண்ணீர் ஓடையில் இறங்கினால், முதல் பர்லாங்கிலேயே தார்ரோட்டுக்கு அடியில் இரண்டே இரண்டு சிமெண்ட் குழாய். முன்பு அந்த இடத்தில் தாம்போதிதான் இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ரோட்டின் மேலேயே போகும், பஸ் இரண்டு நாள் வராது, நமக்குப் பள்ளிக்கூடம் லீவு. பஸ் வர வேண்டும் என்று நாம்தான் மனுக் கொடுத்து ரோட்டை உயர்த்தச் சொன்னோம். உயர்த்தியவர்கள் குழாயைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

குழாயைத் தாண்டினால் ஓடையே இல்லை. உடைமரம், அதற்குள் கல்யாண மண்டபத்துக் குப்பை, அப்புறம் வேலிகள்.

இந்த வேலிகள் எப்படி வந்தன என்று யோசித்துப் பார்த்தேன். வெளியூரில் இருக்கிற நாம் எல்லாரும் ஊருக்குப் போவது எப்போது? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, சித்திரை வைகாசியில். அம்மன் கொடைக்கு. அப்போது குளம் வெடித்துக் கிடக்கும், ஓடை வெறும் மண்ணாக இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த ஓடை எப்படி ஓடும் என்று பார்த்து நம்மில் பலருக்கு இருபது முப்பது வருடம் ஆகிறது. நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அதனால் நம் கண்ணுக்கு அது ஓடையாகத் தெரியவில்லை, காலிமனையாகத் தெரிகிறது. கொஞ்சம் நகர்த்தி வேலி போட்டால் என்ன, வண்டி நிறுத்த ஒரு ஷெட் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. கிராம வரைபடத்தில் அது இன்றைக்கும் ஓடைப் புறம்போக்குதான். போன மாதம் வாத்தியார் மாமா நகல் எடுத்து அனுப்பினார். அதில் உள்ள அகலத்தில் பாதிகூட இப்போது தரையில் இல்லை.

நம்ம ஊர்ச் சங்கம் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்கவில்லையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேட்டோம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள குளம் நீர்வளத்துறை வசம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம் வசம் என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் குளம் ஒருவரிடம், ஓடைப் புறம்போக்கு இன்னொருவரிடம், மேலே போகிற ரோடு மூன்றாமவரிடம். ஒரு அலுவலகத்தில் கொடுத்த மனு அடுத்த அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து மூன்றாவதுக்குப் போய், "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரே வாசகத்தோடு மூன்று கடிதம் வந்திருக்கிறது. மூன்றையும் வாத்தியார் மாமா கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். அவர் தளரவில்லை, நாம்தான் வளைவுக்குப் போய்விட்டோம்.

காகிதத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம ஆற்றையே காட்டுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு அய்யா தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். மேடு தட்டிப்போன ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் 2015-ல் தூர் வாரியதும் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போன பிறகுதான். இரண்டிலும் நன்கொடை ரசீதுக்கு வேலை இல்லை. நாள் நட்சத்திரம் பார்க்காமல் மனுவும் கையுமாக அலைய ஆள் வேண்டியிருந்தது.

அதனால் நான் கேட்பது இது. வளைவுக்கு எழுதிய தொகையில் கால்வாசி போதும். ஐப்பசி முதல் மார்கழி வரை குளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்போம். முன்பு மடை பார்க்கிறவருக்குக் களத்தில் நெல் அளந்தோம். அதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆச்சு, மடைக்குத் துரு ஏறியதும் அப்போதிருந்துதான். இராத்திரி மழையில் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து, தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று அளந்து குழுவில் போட ஒரு மனிதர் வேண்டும். மணல் மூட்டையைப் பிரித்துப்போடும் அதிகாரமும் அவருக்கு ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி வாங்குவார்.

மீதிக்குப் பணம் வேண்டாம், ஆள் வாருங்கள். அக்டோபர் 2 கிராம சபை. கரையை உயர்த்தவும், ரோட்டில் குழாயை எடுத்துவிட்டு அகலமான பெட்டிப் பாலம் போடவும், ஓடையைச் சர்வேயர் வைத்து அளந்து கல் நடவும் தீர்மானம் வேண்டும். மீன்பாசி ஏல நிபந்தனையில் மறுகாலில் வலை கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தீர்மான நகலோடு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த மூன்று கடிதமும் இப்போது யார் மேஜையில் இருக்கின்றன என்று கேட்போம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் பெங்களூர்த் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், சுவர் வேண்டும் என்று அவன் எழுதிய மடலே நாலு பக்கம் இருந்தது, எழுதத் தெம்பு இருக்கிறது.

இனி நான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்த காரணம். சர்வேயர் சங்கிலி பிடித்தால் முதலில் இடிக்கும் வேலி எங்கள் வேலி. 92 வெள்ளம் வடிந்தபோது ஓடை ஓரத்தில் நல்ல வண்டல் நின்றது. எங்கள் அப்பா அதில் இரண்டு வரிசை வாழை வைத்தார். மறுவருடம் நாலு வரிசை. அப்புறம் கல்தூண் நட்டுக் கம்பி கட்டினார். பம்பாயிலிருந்து அந்தக் கம்பிக்குப் பணம் அனுப்பியது நான்தான். அக்காள் மகனை விட்டு டேப்பு வைத்து அளக்கச் சொன்னேன். வரைபடப்படி பன்னிரண்டு அடி நாங்கள் உள்ளே இருக்கிறோம். 2023-ல் தண்ணீர் எங்கள் தோட்டத்து வேலியில் அமலையோடு மோதித் திரும்பித்தான் கீழத்தெருவுக்குள் இறங்கியிருக்கிறது. கீழத்தெருச் சித்தி வீட்டுப் பின்சுவர் விழுந்ததும் அன்றைக்குத்தான். நிவாரணம் 6,000 ரூபாய் எங்கள் வீட்டுக்கும் வந்தது, சித்தி வீட்டுக்கும் வந்தது. சித்தி இன்றுவரை எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஓடையில் எங்களைப் போல இன்னும் ஏழு வேலிகள் இருக்கின்றன. யார் யாருடையவை என்று இங்கே எழுத மாட்டேன். ஏழு பேரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், வரைபட நகல் வேண்டுமானால் தனியே கேளுங்கள், அனுப்புகிறேன். ஜேசிபி வந்து எடுப்பதற்கு முன் நாமே எடுத்துவிட்டால் கம்பியாவது மிஞ்சும்.

நான் நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் போட்டுவிட்டேன். அக்டோபர் 1 காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், மறுகால் பக்கம் வந்துவிடுங்கள். கடப்பாரை, அரிவாள் எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் தூணை நானே பிடுங்குகிறேன். வாழை தார் தள்ளியிருக்கிறது என்று அக்கா சொன்னாள், நாடும் கதலியும். நல்ல தாராகப் பார்த்து முதலில் சித்தி வீட்டுக்கு, மீதி வந்தவர்களுக்கு.

இப்படிக்கு,
தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை