காணும் பொங்கல் சாயங்காலம், மெரினா: உங்க குழந்தையும் கூட்டத்துல தொலைஞ்சிருக்கா?

வியாசர்பாடி அம்மா:
மூணு வருஷம் ஆச்சு. உழைப்பாளர் சிலைக்குப் பின்னாடி மணல்ல பாய் விரிச்சோம். மாமியார், நாத்தனார் குடும்பம், எல்லாரும். நுழையும்போதே போலீஸ்காரம்மா சின்னவ கையில பட்டை கட்டி என் நம்பரை எழுதிட்டாங்க. அந்தத் தைரியத்துல புளிசாதம் போட்டுட்டு நிமிர்ந்தா, அவ இல்ல. ராட்டினம், பலூன் சுடுற இடம்னு ஓடினோம். அப்பதான் மைக்ல, "பச்சைப் பாவாடை, நாலு வயசு, பேர் கேட்டா பாப்பான்னு மட்டும் சொல்லுது." கால் மணல்ல புதைஞ்ச மாதிரி நின்னுட்டேன். அங்க போனா, "ஏழு தடவை போன் அடிச்சோம்மா"ங்கிறாங்க. போன் பைக்குள்ள, தூக்குக்கு அடியில. பாப்பா அழவே இல்ல. யாரோ ஒரு பையன் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தா. அவளைத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்தப் பையனுக்கு யார் வந்தாங்கன்னு தெரியல. அதுதான் உறுத்துது.

மந்தைவெளி:
எங்க பையனும் கலங்கரை விளக்கம் பக்கம் பத்து நிமிஷம் தொலைஞ்சு கிடைச்சான். என்னைக் கேட்டா அன்னைக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகவே கூடாது. போறதுன்னா, பட்டையில ரெண்டு நம்பர் எழுதச் சொல்லுங்க. போனைக் கையிலயே வெச்சுக்கோங்க, அந்தக் கூட்டத்துல சிக்னலும் திணறும். தொலைஞ்சா எங்க நிக்கணும்னு பெரிய பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கார் வேண்டாம், பறக்கும் ரயில்ல வாங்க. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம்னு மூணு ஸ்டேஷன் இருக்கு. இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுங்க. முக்கியமா, சவுக்குக்கட்டைத் தடுப்பைத் தாண்டிக் கால் நனைக்கக்கூட விடாதீங்க. அங்க அடியில இழுக்கிறது மேல தெரியாது. குளிக்கத் தடை போட்டிருக்கிறது சும்மா இல்ல.

ராயபுரம்:
போகவே கூடாதுன்னு எப்படிங்க சொல்றீங்க? அப்பா மூட்டை தூக்கினவர். நாங்க எல்லாரும் ஒண்ணா வெளிய வந்தது வருஷத்துல அந்த ஒரு நாள்தான். காசு கொடுக்காம இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட இந்த ஊர்ல வேற எங்க இடம் இருக்கு? அப்பல்லாம் பட்டை கிடையாது. அம்மா முந்தானையை என் அரைஞாண் கயித்துல முடிஞ்சிருந்தாங்க. சுண்டல் வாங்க அவங்க எழுந்தா நானும் எழுந்தாகணும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முடிச்சை அவிழ்க்கவே விடல.

மந்தைவெளி:
உங்க அம்மா பண்ணினதைத்தான் நானும் சொல்றேன். கண்ணு எடுக்கக்கூடாது.

திருவொற்றியூர்:
வியாசர்பாடி அக்கா, நான் ஊர்க்காவல் படையில ரெண்டு வருஷம் அங்க நின்னிருக்கேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பாட்டி வந்து, பேரன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. பாதிக் கரும்பு இன்னும் அவங்க கையிலயே இருந்துச்சு. நீங்க பார்த்த பையன் என்ன சட்டை போட்டிருந்தான்?

வியாசர்பாடி அம்மா:
நீலக் கட்டம் போட்டது தம்பி. அவன் கையில பட்டை இல்ல.