கொலராடோ யூரே: எந்த வழியாகப் போகலாம்?

ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் யூரே என்ற மலை ஊருக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறார், அவருக்குப் பள்ளத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். தெற்கே டுராங்கோ வழியா, வடக்கே மான்ட்ரோஸ் வழியா?

பதில்: மான்ட்ரோஸ்தான். விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. டுராங்கோ பக்கமென்றால் மில்லியன் டாலர் ஹைவே என்ற மலைச்சாலை, 11,018 அடியில் ரெட் மவுன்டன் கணவாய், பல வளைவுகளில் தடுப்புக் கம்பியே கிடையாது.

இன்னொரு பதில்: அந்தச் சாலையைப் பார்க்காமல் யூரே எதற்குங்க! வழியில் இருக்கும் சில்வர்டன் ஊரிலிருந்து வடக்கே வந்தால் வண்டி மலையை ஒட்டியே வரும், எதிர்த்திசையில் போகும்போதுதான் விளிம்பு. அம்மாவை வலப்பக்கம் உட்கார வையுங்கள்.

கேட்டவர்: சரி, வலப்பக்கம்தான். அங்கே போய் என்ன செய்வது?

பதில்: மலைப்பாதையில் நடப்பதென்றால் காலையிலேயே நடந்துவிடுங்கள், ஜூலையில் மதியத்துக்கு மேல் அடிக்கடி இடி மழை. அப்புறம் இயற்கை வெந்நீர் ஊற்றுக் குளம், கந்தக நாற்றம் இருக்காது.