தமிழ்த் தலைப்புள்ள இடுகையின் முகவரி பாதியில் அறுபடுவது ஏன்?

கல்வெட்டு வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோயில் கட்டடக்கலை பற்றிய தளம் ஒன்றை வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் நடத்தி வருகிறேன். 'தஞ்சைப் பெரிய கோயில் கட்டடக்கலை' என்று தலைப்பிட்டு வெளியிட்ட இடுகையின் முகவரி 'தஞ்சைப்-பெரிய-கோயில்-கட்' என்பதோடு நின்றுவிட்டது. அதே தொடரில் 'தஞ்சைப் பெரிய கோயில் கட்டுமானம்' என்று அடுத்ததை எழுதினேன். அதற்கு 'தஞ்சைப்-பெரிய-கோயில்-கட்-2' என்று முகவரி வந்தது. தரவுத்தளத்தில் முகவரியைச் சேமிக்கும் புலத்தின் நீளம் 200 என்று இருந்ததைக் கண்டு அதை 500 ஆக்கிப் பார்த்தேன். பயனில்லை. தலைப்பை ஆங்கில எழுத்தாக மாற்றும் நிரல் ஒன்றைத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' தொகுப்பின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் சேர்த்திருந்தேன். சென்ற வாரம் தீமைப் புதுப்பித்தபோது அதுவும் அழிந்துபோயிற்று. நிலையான தீர்வு உண்டா?

ஓலைச்சுவடி

நண்பரே, புலத்தை நீட்டியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், 200 என்ற அதே எல்லை நிரலுக்குள்ளும் எழுதப்பட்டிருப்பதுதான். வேர்ட்பிரஸின் இன்க்ளூட்ஸ் கோப்புறையில் உள்ள ஃபார்மேட்டிங் கோப்பைத் திறந்து பாருங்கள். தலைப்பை முகவரியாக மாற்றும் செயற்கூறு 200 குறிகளோடு வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்று அதில் ஒரு குறியாகத்தான் கணக்காகிறது. தமிழிலோ, யுனிகோடின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகள் தேவைப்படுவதாலும், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று இடங்களைப் பிடிப்பதாலும், ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடங்கள் செலவாகின்றன. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு, ஆகவே பதினெட்டு இடங்கள். புள்ளி வைத்த மெய்யும் அப்படியே.

உங்கள் தலைப்பையே எண்ணிப் பார்த்தேன். 'கோயில்' என்பது முடியும்போது இடைவெளிகளோடு 164 இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. அடுத்த இடைவெளிக்கு ஒன்று. 'கட்' என்பதற்கு 27. மொத்தம் 192. இன்னொரு டகரத்தைச் சேர்த்தால் 201 ஆகிவிடும் என்பதால் அங்கேயே வெட்டு விழுகிறது. இரண்டு தலைப்புகளும் 'கட்' வரை ஒன்றாகவே இருப்பதால்தான் இரண்டாவதற்கு எண் சேர்ந்தது.

என் கருத்தில், முகவரியைக் கையாலேயே சுருக்கி எழுதுவது மேல். 'பெரிய-கோயில்-கட்டடக்கலை' 191 இடங்களில் அடங்கிவிடும். 'பெரிய-கோயில்-கட்டுமானம்' என்பதற்கும் அதே கணக்குதான். தமிழில் எழுதப்பட்ட ஒன்றின் முகவரியும் தமிழிலேயே இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. புலத்தின் நீளத்தை மறுபடியும் 200 ஆக்கிவிடுங்கள்.

திண்ணை

தமிழ் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நாலைந்து வரிக்கு நீள்வதால், ஆங்கில எழுத்தே வேண்டும் என்பவர்களின் சிரமமும் நியாயமானதுதான். ஆனால் அந்த நிரலுக்குரிய இடம் தீம் அன்று. 2005இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே தோற்றத்துக்கென்று தீம் தனியாக இருக்கிறது. தோற்றத்தை மாற்றினாலும் நிலைத்திருக்க வேண்டியதைச் செருகுநிரலாகத்தான் (தளத்தில் தனியே சேர்க்கும் நிரல், பிளகின்) எழுத வேண்டும். கன்டென்ட் கோப்புறைக்குள் 'எம்யூ-பிளகின்ஸ்' என்றொரு கோப்புறையை உருவாக்கி, வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய ஒரே ஒரு கோப்பை அதில் நேரடியாக வையுங்கள். உள் கோப்புறைக்குள் வைத்தால் வேர்ட்பிரஸ் அதைத் தானாக எடுத்துக்கொள்ளாது. நேரடியாக வைத்ததை இயக்கிவிட வேண்டிய தேவை இல்லை, தீம் புதுப்பிப்பும் அதைத் தொடாது.

எழுத்து மாற்றத்துக்கு, பிஎச்பியின் 'இன்டல்' என்ற பன்மொழி வேலைகளுக்கான நீட்சி சர்வரில் இருந்தால் அதிலுள்ள தமிழ்-லத்தீன் விதியைப் பயன்படுத்தலாம்; பின்னாலேயே மேற்குறிகளை நீக்கி வெறும் ஆங்கில எழுத்தாக்கும் லத்தீன்-ஆஸ்கி விதியையும் சேர்க்க வேண்டும். அது ஒலிப்பைப் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து மாற்றுவது. 'தஞ்சை'யில் நாம் எழுதும் 'ஜே' என்ற ஆங்கில எழுத்து வராது, 'சி'தான் வரும். ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் ஒரு சிறு பட்டியலை நீங்களே எழுதி முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

கல்வெட்டு வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த மாற்றத்தைச் 'சானிடைஸ் டைட்டில்' என்ற ஃபில்டரில் (வேர்ட்பிரஸ் கையாளும் தகவலை நம் நிரல் இடையில் மாற்ற இடம்தரும் புள்ளியில்) இணைப்பது சரியா?

திண்ணை

வேண்டாம். பகுப்புகள், குறிச்சொற்கள் எல்லாவற்றின் பெயர்களும் அந்த வழியாகத்தான் செல்கின்றன. நீங்கள் இடுகைக்காகச் செய்யும் மாற்றம் அவற்றையும் மாற்றிவிடும். இடுகை சேமிக்கப்படும் தறுவாயில் இயங்கும் 'இன்செர்ட் போஸ்ட் டேட்டா' ஃபில்டரில் இணைத்து, முதன்முறை வெளியிடும்போது மட்டும் செயல்படும்படி எழுதுங்கள். முகவரி வேறு இடுகைக்கு ஏற்கெனவே உள்ளதா என்ற சோதனை அந்த ஃபில்டருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் 'யுனிக் போஸ்ட் ஸ்லக்' செயற்கூற்றை நீங்களே ஒருமுறை அழைக்க வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு இடுகைகள் ஒரே முகவரியில் போய் நிற்கும்.

ஓலைச்சுவடி

பழைய இரண்டு இடுகைகளின் முகவரியைத் தாராளமாகத் திருத்துங்கள். வெளியான இடுகையின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்திருந்து, அதில் வருபவரைப் புதியதற்கு அனுப்பிவிடும். 'பக்கம்' என்ற வகைக்கு இந்த வசதி கிடையாது. பக்கங்களின் முகவரியை மாற்றுவதாக இருந்தால் வழிமாற்றை நீங்களே அமைக்க வேண்டும்.